கொப்ரியா என்று ஒரு பெயர்

அத்தியாயம் ஒன்பது

"உப்பு பத்தல" என்றாள் தாயேசிஸ்.

தறியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். கொப்ரியா நீட்டிய அகப்பையில் ஒரு வாய் பருப்பை உறிஞ்சிவிட்டு, நாடாவைத் தள்ளிக்கொண்டே சொன்னாள். கொப்ரியா உள்ளே போய் உப்புக் கல்லை இடித்துப் போட்டுக் கிளறிக்கொண்டிருந்தபோது முற்றத்தில் தறிக்கட்டை விழும் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு தாயேசிஸ் பேசவில்லை. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. வாய் கோணி அசைந்தது, வார்த்தை வரவில்லை. மகள் காதை வாயருகே வைத்து வைத்துப் பார்த்தாள். அப்படியே ஓர் இரவு போயிற்று. விடிந்தபோது மூச்சு நின்றிருந்தது.

நெசவாளி அபுங்கிஸ் இறந்து இரண்டு நைல் வெள்ளம் வந்துபோயிருந்தது. அவர் போன பின் அந்த வீட்டை ஒரு தறியையும் ஒரு வாயையும் வைத்து நடத்தியவள் தாயேசிஸ். மகன் தியோன் சாயப்பட்டறைக்குப் போகிறான். அவனுக்கு இன்னும் வயது வரவில்லை என்பதால் அபுங்கிஸின் தம்பி ஓரியோன்தான் சட்டப்படி காப்பாளர். அவருக்கு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், அரை நாள் தூரத்தில் கிராமம். முந்தின நாள் அவள் விழுந்ததுமே செய்தி சொல்ல ஆள் போயிருந்தது.

வெயில் ஏறுமுன் குளிப்பாட்ட வேண்டும். பக்கத்து வீட்டு எண்ணெய்க்காரி எராயிஸ் தானாகவே ஒரு ஜாடி தண்ணீரோடு வந்துவிட்டாள்.

"தோளைப் பிடி. அப்படி இல்லடி, அக்குளுக்குக் கீழே பிடி. உங்கம்மா ஒடம்பு லேசு. நான் செத்தா நாலு ஆளும் ஒரு கழுதையும் வேணும்."

கொப்ரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு வந்த வாயிலேயே அழுகையும் வந்தது.

"அழுதுக்கோ. ஆனா கையை விட்டுடாத."

ஈரத் துணியால் வயிற்றைத் துடைக்கும்போது கொப்ரியாவின் கை நின்றது. தோலில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள், வற்றிய வாய்க்காலின் அடிமண் போல.

"அத்தை, இதுல நான் இருக்கேனா?"

எராயிஸ் நிமிர்ந்து பார்த்தாள். கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"வயிறு என்ன பேர் எழுதியா வச்சிருக்கு? உனக்கு முன்னாடி ரெண்டு பொறந்து செத்துச்சு. உனக்கு அப்புறம் தியோன். நான் இந்தத் தெருவுக்கு வாழ வந்தப்ப நீ நடந்துகிட்டிருந்த."

கொப்ரியா என்றால் குப்பைமேடு. ஊருக்கு வெளியே, வாய்க்கால் கரையில், ஊர் கொட்டுவதையெல்லாம் வாங்கி வளர்ந்து நிற்கிற மேடு. ஊரில் அந்தப் பெயருள்ளவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். அதனால் பெயரைக் கேட்டு யாரும் வியப்பதில்லை. எந்த வகைக் குப்பை என்றுதான் மனசுக்குள் கேட்டுக்கொள்வார்கள். வேண்டாமென்று எறிந்த குழந்தைகளை மேட்டிலிருந்து எடுத்து வளர்ப்பவர்கள் வைக்கிற பெயர் அது. வேறொரு காரணத்துக்கும் அதே பெயரை வைப்பார்கள்.

அந்த வேறொரு காரணத்தை எராயிஸ் இப்போது மெல்லச் சொன்னாள்.

"ரெண்டைப் பறிகொடுத்தவ மூணாவதை எப்படிக் காப்பாத்துவா? சாவுக்கு நம்ம வீடெல்லாம் தெரியும். ஆனா குப்பையில கிடக்கிறதை அது திரும்பிப் பாக்காது. அதனால பொறந்த அன்னிக்கே மேட்டுல கொண்டுபோய்க் கிடத்துவாங்க. ஊர் பேர் தெரியாத ஒரு பொம்பளையைப் பிடிச்சு எடுத்துவரச் சொல்வாங்க. அவ கதவைத் தட்டி, 'குப்பையில கிடந்துச்சு, வேணுமா?'ம்பா. பெத்தவளே 'யார் பெத்ததோ, குடு'ன்னு வாங்கிக்கணும்."

"அப்ப நான் அம்மா பெத்த பொண்ணுதான்."

"அப்படித்தான் நான் நெனைக்கிறேன்."

"அம்மா உங்ககிட்ட சொன்னாங்களா?"

"சொல்லக் கூடாதுடி. அதுதானே சங்கதியே. 'நான் பெத்தேன்'னு ஒரு தடவை வாய் தவறிச் சொன்னாலும் சாவு வாசல்ல வந்து நிக்கும். கடைசி வரைக்கும் சொல்லக் கூடாது. புருஷன்கிட்டகூட."

தாயேசிஸ் கடைசி வரைக்கும் சொல்லவில்லை. சின்ன வயதில் தியோன், "ஏ குப்பை, உன்னை எங்கேர்ந்துடி எடுத்தாங்க?" என்று சீண்டும்போதெல்லாம் கொப்ரியா அழுதுகொண்டு அம்மாவிடம் ஓடுவாள். தாயேசிஸ் அவளை மடியில் போட்டு முடியைக் கோதிக்கொண்டே, "ஆமாம், குப்பையிலேர்ந்துதான் எடுத்தேன். என்ன இப்போ?" என்பாள். பதில் ஒருநாளும் மாறியதில்லை. கோதும் கையும் மாறியதில்லை.

"இன்னொண்ணு" என்றாள் எராயிஸ், கால்களைச் சேர்த்து வைத்துக் கட்டியபடி. "இதை மூப்பர் காதுல போட்டுடாத. ஞானஸ்நானம் வாங்கினவ பண்ற வேலையில்ல இது. தாயத்து கட்டினான்னு போன வருஷம் ஒருத்தனைச் சபையை விட்டே வெளியேத்துனாங்க."

ஓரியோன் கழுதையிலிருந்து இறங்கியபோதே அழுதுகொண்டுதான் வந்தார்.

நடிப்பில்லை. அண்ணி காலடியில் உட்கார்ந்து, தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டு, "எனக்கும் சேர்த்து சோறு போட்டவ" என்று அரற்றினார். அண்ணன் வீட்டு ஆளாகப் பத்து வருஷம் அந்த முற்றத்தில் தூங்கியவர். தானியப் படகில் வேலைக்குப் போன பிறகுதான் தனிவழியானார். இப்போது கிராமத்தில் நாலு தறி போட்டிருக்கிறார்.

அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு கொப்ரியாவைக் கிட்டே கூப்பிட்டார்.

"பாப்பா, இனிமே நீங்க ரெண்டு பேரும் இங்க தனியா இருக்க வேணாம். என்கூட வந்துடுங்க. உங்கம்மா கை உனக்கு இருக்கு. என் தறிவீட்டுல நீ உக்காந்தா மத்த தறியெல்லாம் வெக்கப்படும்."

"நான் இங்கதான் இருப்பேன் சித்தப்பா. பட்டறைக்காரர் என்னை விடமாட்டாரு" என்றான் தியோன்.

"உன்னை யாருடா கேட்டா? நீலம் புடிச்ச கையை வச்சுக்கிட்டு என் வெள்ளை நூலைத் தொட்டுடாத, அது போதும்."

தியோன்கூடக் கொஞ்சம் சிரித்தான். கொப்ரியாவுக்கு நெஞ்சில் ஏதோ இளகியது. யாரோ ஒருவர் கூப்பிட்டுவிட்டார் என்கிற ஆறுதல்.

மாலைக்கு முன்பே அடக்கம் நடந்தது. மணல் மேட்டில் சபையார் வாங்கிப் போட்டிருந்த நிலம். நெசவாளர் தெரு முழுக்க வந்திருந்தது. சபைக்காரர்களும் வந்தார்கள், சபையில் சேராதவர்களும் வந்தார்கள். தாயேசிஸிடம் துணி வாங்காதவர்கள் ஊரில் குறைவு.

மூப்பர் செரேனோஸ் மென்மையான மனிதர். ஜெபத்துக்குக் குரல் எழுப்பினாலே இருமல் வந்துவிடும். ஆனால் அன்றைக்குக் குரல் தெளிவாக வந்தது.

"இந்தச் சகோதரிக்குப் பெற்றோர் வைத்தது ஈசிஸ் தேவியின் பெயர். நான் தண்ணீரில் இறக்கிய அன்று, பெயரை மாற்றிக்கொள்கிறாயா அம்மா என்று கேட்டேன். 'கூப்பிட்டா திரும்பிப் பாக்கணுமே ஐயா, பழகின பேரே இருக்கட்டும்' என்றாள்."

கூட்டத்தில் ஈரமான சிரிப்பு ஓடியது.

"பொய்த் தேவியின் பெயரைச் சுமந்துகொண்டு மெய்யான தேவனின் வேலையைச் செய்தாள். என்ன வேலை? அதோ நிற்கிறாள் பாருங்கள்." அவர் கை கொப்ரியாவை நோக்கி நீண்டது. "பவுல் என்றும் பேதுரு என்றும் நம் பிள்ளைகளுக்குப் பெருமையாகப் பெயர் வைக்கிறோம். தாயேசிஸ் தன் மகளுக்கு வைத்த பெயர் என்ன? குப்பைமேடு! யாரோ பெற்று, யாரோ எறிந்த சிசுவை இவள் மேட்டிலிருந்து கையில் எடுத்தாள். வேறு பெயர் வைத்து ஊருக்கு மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. நாம் எல்லோரும் எறியப்பட்ட இடத்திலிருந்து எடுக்கப்பட்டவர்கள் அல்லவா? ஒவ்வொரு முறை அவளைக் கூப்பிடும்போதும் நமக்கு அது நினைவு வர வேண்டும் என்றே இந்தப் பெயரை விட்டு வைத்தாள். சபையின் பெயர்களிலேயே அழகான பெயர் இது என்பேன்."

"ஆமென்" என்றது கூட்டம்.

ஒரு கணம் கொப்ரியாவுக்கு உடம்பு சிலிர்த்தது. பிறந்ததிலிருந்து தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லிவந்த பெயர். அதை ஒருவர் இத்தனை பேர் நடுவில் விளக்கு மாதிரி தூக்கிப் பிடித்துவிட்டார். சபைக்காரப் பெண்கள் அவளைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தார்கள்.

அப்புறம்தான் ஓரியோன் சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் சபைக்காரர் அல்ல. ஆனால் 'ஆமென்' எந்த இடத்தில் சொல்ல வேண்டும் என்று தெரிந்தவர். எல்லோருக்கும் பிறகு, மெல்ல, யோசித்து, அவரும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து கை கால் கழுவி, வந்தவர்களுக்கு ரொட்டியும் வெங்காயமும் பார்லிக் கள்ளும் கொடுத்து அனுப்பிய பிறகு ஓரியோன் முற்றத்தில் பாயை விரித்து உட்கார்ந்தார்.

"பாப்பா, மூப்பர் சொன்னது நிஜமா?"

"எது சித்தப்பா?"

"நீ எங்கண்ணன் ரத்தமில்லங்கறது."

கொப்ரியா தரையில் கிடந்த வெங்காயத் தோலைப் பெருக்கி ஒதுக்கினாள்.

"நீ வந்தப்ப நான் படகுல இருந்தேன். திரும்பி வந்தப்ப தொட்டில்ல கிடந்த. பேரைக் கேட்டதும், சரி, ரெண்டு போயிருக்கே, சாவை ஏமாத்த வச்சிருக்காங்கன்னு நானே நெனச்சுக்கிட்டேன். அண்ணன் ஒரு வார்த்தை சொல்லலை பாரு. என்கிட்டகூட." அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "இன்னிக்கு ஊர் முன்னால மூப்பர் வாயால கேக்க வேண்டியிருக்கு."

"இப்ப அதுக்கென்ன?" என்றான் தியோன்.

"அதுக்கென்னவா? மேட்டுலேர்ந்து எடுத்து வளத்தது எடுத்த வீட்டுக்குச் சொந்தம்டா. நான் சொல்லலை, சட்டம் சொல்லுது. உன் வீட்டுத் தறி மாதிரி, உன் வீட்டுக் கதவு மாதிரி."

"அவ என் அக்கா!"

"நான் இல்லைங்கலையே. அக்கான்னே கூப்பிட்டுக்கோ. பாப்பா, நீ பயப்படாத. யாரும் உன்னைக் கை நீட்டி அடிக்கப் போறதில்ல. என் தறிவீட்டுல வந்து உக்காரப்போற. மத்தியானம் சொன்னதுதானே?"

"மத்தியானம் சித்தப்பா வீடுன்னு சொன்னீங்க" என்றாள் கொப்ரியா.

ஓரியோன் கள்ளைக் கையில் எடுத்து, குடிக்காமல் கீழே வைத்தார்.

"நாளைக்கு ஊர் எழுத்தர் முன்னால போகணும். செத்தவங்க வீட்டுல யார் யார் இருக்காங்கன்னு வாரிசு சத்தியம் பண்ணிச் சொல்லணும். நீதான் சொல்லணும் தியோன்."

"அக்கான்னு சொல்வேன்."

"சொல்லு. தெருவே கேட்டதை எழுத்தர் கேட்டிருக்க மாட்டாருன்னு நெனச்சியா? பொய்ச் சத்தியம் பண்ணினா சுரங்கத்துக்கு அனுப்புவாங்க. உன்னை அனுப்பிட்டு நான் எங்கண்ணன் பக்கத்துல எந்த மூஞ்சியோட போய்ப் படுப்பேன்?"

தியோன் எழுந்தான், உட்கார்ந்தான். "சரி. அவ என் சொத்துன்னே இருக்கட்டும். நான் விடுதலை பண்றேன். இப்பவே. இந்த நிமிஷமே."

"இருபது வயசு ஆகணும். அதுவரைக்கும் உன் கை என் கைதான்." ஓரியோன் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "அதோட இன்னொண்ணு யோசிச்சியா? விடுதலைன்னு எழுதணும்னா முதல்ல அடிமைன்னு எழுதணும். எழுதச் சொல்லட்டுமா?"

தியோன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். மணிக்கட்டு வரை நீலம். இரண்டையும் கொண்டுபோய் அக்குளில் மறைத்துக்கொண்டான்.

மூப்பர் வீடு மூன்றாவது தெரு. கொப்ரியா ஓடாமல் நடந்தாள். ஓடினால் ஊர் கேட்கும். எராயிஸ் மூச்சு வாங்கிக்கொண்டு கூடவே வந்தாள்.

செரேனோஸ் மணல் சூட்டில் வெந்த கால்களை ஒரு சட்டித் தண்ணீரில் விட்டு உட்கார்ந்திருந்தார். கொப்ரியா சொல்லச் சொல்ல, காலை எடுக்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் அசையாமல் நின்றது.

"நான் நல்லதுன்னுதானே மகளே சொன்னேன்" என்றார். "உன் பேரைக் கேட்டுச் சிரிக்கிறவங்க இனிமே சிரிக்கக் கூடாதுன்னு..."

"தெரியும் ஐயா. நாளைக்கு எழுத்தர் முன்னால வந்து, தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லுங்க. அது போதும்."

"எது தப்புன்னு சொல்ல? உங்கம்மா வாயால கேட்டேனே. தண்ணிக்குள்ள நிக்கிறா. உன்னை இடுப்புல வச்சிருக்கா. 'யார் பிள்ளை அம்மா?'ன்னேன். 'குப்பையிலேர்ந்து எடுத்தேன் ஐயா'ன்னா. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு."

"எடுத்தேன்னு சொன்னாங்களா? கிடந்துச்சுன்னு சொன்னாங்களா?"

மூப்பர் யோசித்தார். "எடுத்தேன்னு."

"கிடந்துச்சுன்னு சொல்லலையே?"

"இல்ல. ஆனா அதுக்கும் இதுக்கும் என்ன..."

"நல்லா யோசிங்க ஐயா!" எராயிஸால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "போட்டுட்டு எடுத்தாலும் எடுத்ததுதானே!"

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

செரேனோஸ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "யார் போட்டது?"

"பேச்சுக்குச் சொன்னேன் ஐயா. கிழட்டு நாக்கு."

"எராயிஸ்."

"மன்னிச்சிடுங்க ஐயா."

அவர் சட்டியிலிருந்து காலை எடுத்தார். துடைத்துக்கொள்ளவில்லை. தரையில் ஈரம் பரவியது.

"ஞாயிறுதோறும் அப்பம் பிட்கும்போது நம்மில் இறந்தவங்க பேரை வாசிக்கிறோம்" என்றார் கடைசியில். "இந்த ஞாயிறு தாயேசிஸ் பேரை முதல்ல வாசிக்கணும்னு வழியெல்லாம் நெனச்சுக்கிட்டு வந்தேன். சாவுக்குப் பயந்து மேட்டுல சடங்கு பண்ணினவ, அதை மறைச்சுத் தண்ணிக்குள்ளேயே நின்னு என்கிட்ட..." அவர் சட்டியைத் தள்ளி வைத்தார். "எனக்கு மேல இருக்கிற கண்காணியார் காதுக்குப் போனா அந்தப் பேர் வாசிக்கப்படாது. என் கையில இல்ல மகளே."

"நீங்க இப்போ கேட்டுட்டீங்களே."

"நான் காது மந்தமான ஆள். ஊருக்கே தெரியும். ஆனா நீங்க எழுத்தர் முன்னால சாட்சி சொன்னா எனக்கும் கேட்டுடும்."

எராயிஸ் சுவரில் சாய்ந்து சத்தமில்லாமல் அழுதாள். "நான் வந்து சாட்சி சொல்றேண்டி. நீ தலையை மட்டும் ஆட்டு."

"நீங்க பாத்தீங்களா அத்தை?"

எராயிஸ் வாயைத் திறந்தாள். பார்த்தேன் என்று சொல்லத்தான் திறந்தாள். மூப்பர் எதிரில் அது வரவில்லை.

"மனுஷங்கதான் அடிமை, எஜமான்னு பிரிச்சு வச்சிருக்காங்க" என்றார் செரேனோஸ், அவருக்குத் தெரிந்த ஒரே மருந்தை நீட்டுகிறவர் போல. "கடவுள் முன்னால அதெல்லாம் கிடையாது கொப்ரியா."

"அதைச் சித்தப்பாகிட்ட சொல்லுங்க ஐயா."

அவர் சொல்வேன் என்றார். சொல்லத்தான் போகிறார் என்று அவளுக்குத் தெரியும். சித்தப்பா அதற்கும் சரியான இடத்தில் ஆமென் சொல்வார்.

அவள் திரும்பி வந்தபோது ஓரியோன் கழுதைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். விடிந்ததும் எழுத்தர் வீட்டுக்கு, அங்கிருந்து நேரே கிராமத்துக்கு என்றார். மாற்றுத்துணி எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னார். குரலில் கடுமை எதுவும் இல்லை. தறிவீட்டில் குளிர்காலத்துக்கு நெருப்புச் சட்டி உண்டு என்றுகூடச் சொன்னார்.

தியோன் மொட்டை மாடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஊர் முழுக்க அடுப்புப் புகை எழும்பிக்கொண்டிருந்தது.

"மூப்பர் என்ன சொன்னார்?"

சொன்னாள். எதையும் விடாமல் சொன்னாள். அம்மா பெற்றாள் என்றால் அம்மாவின் பெயர் போகும். பெறவில்லை என்றால் மகள் என்கிற தன் பெயர் போகும்.

"உனக்கு எது நிஜம்னு தோணுது?"

"ஒரு சமயம் இது, ஒரு சமயம் அது."

"எனக்கு நாளைக்கு என்ன சொல்லணும்னு மட்டும் சொல்லு. நீ சொல்றதைச் சொல்றேன். சுரங்கம்னாலும் சரி."

"வாயை மூடுடா."

"நீ சொல்லு அக்கா. எனக்கு ஒண்ணும் புரியலை. நீ சொல்லு."

அவன் முகத்தைப் பார்த்தாள். சின்ன வயதில் ஓடிவந்து விழுந்து, அடி எங்கே பட்டது என்று தெரியாமலே அழுவானே, அதே முகம். எந்தப் பதிலைச் சொன்னாலும் இரண்டு பெண்களில் ஒருத்தியை அவன் வாயாலேயே கொடுக்க வேண்டியிருக்கும். சொல்லாமல் விட்டாலும் விடியும்.

"காலையிலேர்ந்து நீ ஒண்ணும் சாப்பிடல" என்றாள். "போய்க் கையைக் கழுவிட்டு வா."

"எனக்கு வேணாம்."

"போன்னு சொன்னேன்."

அவன் எழுந்தான். முனகிக்கொண்டே படியிறங்கிப் போய்க் கையைக் கழுவினான்.

எது நிஜமானாலும் அவள் அவனைவிட மூன்று வயது மூத்தவள்.